முகமூடியைத் தொட்ட விரல்

நிக்காசியோவுக்கு முப்பத்தொன்பது வயது. அதில் இருபது வருடம் குந்தி உட்கார்ந்தே போயிற்று. லா செய்பா பேஸ்பால் அணிக்குக் கேட்சர் என்றால் அவன்தான். வார நாட்களில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பான். ஞாயிறானால் முகமூடியை மாட்டிக்கொண்டு பந்து பிடிப்பான். முழங்கால் இரண்டும் கெட்டுவிட்டன. ஆனாலும் ஒருவரை நம்பிவிட்டால் நம்பியதுதான். அந்த விஷயத்தில் அவனைப் போல ஒரு மடையனை நான் கண்டதில்லை.

அவன் நம்பியது பாஸ்குவாலை. பன்னிரண்டு வருடம் பாஸ்குவால் எறிந்தான், இவன் பிடித்தான். பதினொரு வருடத்துக்கு முன் இவன் மகள் யாதிராவின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றதும் பாஸ்குவால்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளலாம், கொம்பாத்ரேக்குள் குரல்கூட உயரக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது.

போன வருடக் கடைசியில் பாஸ்குவாலுக்குத் தோள் விட்டுப்போயிற்று. போக்கா செக்கா அணிக்காரர்கள் பயிற்சியாளராக வரச் சொல்லி அழைத்தார்கள், போய்விட்டான். லா செய்பாவில் ஆளாளுக்கு ஏசினார்கள்.

"வயித்துப் பொழப்புப்பா, விடுங்க," என்று பரிந்து பேசியவன் நிக்காசியோ ஒருவன்தான்.

சிக்கல் அதில் இல்லை, விரல்களில் இருந்தது. அடுத்த பந்து எப்படி வர வேண்டும் என்று கேட்சர் தொடையிடுக்கில் விரல் காட்டுவான். ஒன்று வேகம், இரண்டு வளைவு. எறிபவனுக்கு நேர் பின்னே இரண்டாம் பேஸில் எதிரணி ஆள் நின்றால் அவன் கண்ணுக்கும் அது தெரியும், அடிக்க நிற்கிறவனுக்குச் சைகையில் சொல்லிவிடுவான். அதனால் நிக்காசியோ வரிசையாக நாலைந்து தடவை விரல் மாற்றிக் காட்டுவான். நடுவில் முகமூடியை ஒருமுறை தொடுவான். தொட்டபின் காட்டுவதுதான் நிஜம், மற்றதெல்லாம் பொய். அவனும் பாஸ்குவாலும் சேர்ந்து போட்ட ஏற்பாடு அது. இப்போது எறிகிற தனிலோவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தான்.

சீசன் தொடங்கி மூன்றாவது ஞாயிறு, போக்கா செக்கா மைதானத்தில் ஆட்டம். இறங்குமுன் தனிலோ வந்து நின்றான்.

"அண்ணே, முகமூடி சைகைய மாத்திருவோம். அந்தாளு அங்கல்ல இருக்கான்."

"எந்தாளு? என் கொம்பாத்ரேடா அவரு."

"சரிண்ணே, உங்க கொம்பாத்ரேதான். மாத்தலாமா, வேண்டாமா?"

"மாத்துனா என்ன அர்த்தம்? நீ திருடன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடும். அவரு வாய் தொறக்க மாட்டாரு. நான் பொறுப்பு."

எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது லா செய்பா ஐந்து, போக்கா செக்கா இரண்டு. கடைசியான ஒன்பதாவதில் இன்னும் மூன்றே மூன்று பேரை அவுட்டாக்கினால் போதும். முதல் ஆள் நன்றாகவே அடித்து இரண்டாம் பேஸுக்குப் போனான். அடுத்து வந்தவன் பிறந்ததிலிருந்து வளைபந்தைத் தொட்டதில்லை. அன்றைக்கு அதற்கென்றே காத்திருந்தவனாக அடித்தான். ஒரு ரன். குருட்டு அதிர்ஷ்டம் என்று நிக்காசியோ துப்பினான். அடுத்தவனும் அப்படியே அடித்தான். இன்னொரு ரன்.

அப்போதுதான் இரண்டாம் பேஸில் நின்றவனை நிக்காசியோ உற்றுப் பார்த்தான். இவன் விரலால் வளைபந்து கேட்டால் அவன் கை இடுப்பு வாருக்குப் போயிற்று. வேகம் கேட்டால் சும்மா தொங்கியது. முகமூடியைத் தொடுமுன் எத்தனை பொய் காட்டினாலும் அந்தக் கை அசையவில்லை. நிக்காசியோ மூன்றாம் பேஸ் பக்கம் நின்ற பாஸ்குவாலைப் பார்த்தான். பாஸ்குவால் தரையைப் பார்த்தான்.

எழுந்து போய் மாற்றியிருக்க வேண்டும். போகவில்லை, பாவி! தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று இன்னும் சில பந்துகள் பார்த்தான். அதற்குள் இரண்டு பேர் அவுட் ஆனாலும் ஸ்கோர் ஐந்துக்கு ஐந்து ஆகிவிட்டது. இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் ஆள். தனிலோவே எறிமேட்டிலிருந்து இறங்கி வந்தான்.

"இப்பவாவது மாத்தலாமாண்ணே?"

"தலைகீழா வெச்சுக்க," என்றான் நிக்காசியோ, அவன் முகத்தைப் பார்க்காமல். "ஒண்ணுன்னா வளைவு, ரெண்டுன்னா வேகம்."

வளைவு வேண்டுமென்று நிக்காசியோ ஒரு விரல் காட்டினான். இத்தனை நாள் பழக்கம் லேசில் விடுமா? தனிலோ வேகமாக எறிந்துவிட்டான். வளைவுக்குக் கையைத் தாழ்த்தியிருந்த நிக்காசியோவின் தோளை உரசிக்கொண்டு பந்து பின்வேலிக்குப் போயிற்று. அந்த முழங்காலோடு அவன் எழுந்து ஓடி எடுப்பதற்குள் மூன்றாம் பேஸில் நின்றவன் ஓடிவந்து ரன் எடுத்துவிட்டான். ஆறுக்கு ஐந்து. போக்கா செக்கா ஊரே மைதானத்துக்குள் குதித்தது.

லா செய்பாக்காரர்கள் ஒருவரும் அவனோடு பேசவில்லை. தனிலோ பையைத் தூக்கிக்கொண்டு அவனைச் சுற்றிப்போனான். பாஸ்குவால்தான் இரண்டு பீர் பாட்டிலோடு வந்தான்.

"வெளையாட்டு வெளையாட்டோட போச்சு, கொம்பாத்ரே. இந்தாங்க, சில்லுனு இருக்கு."

"நம்ம சைகைய வித்துட்டீங்களே."

"அட, நீங்க மாத்தியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்! மொத ஆளுக்கே மாத்தலன்னதும் எனக்கே ஆச்சரியம். எவனா இருந்தாலும் மாத்தியிருப்பான்."

நிக்காசியோ முகமூடியைக் கழற்றி மடியில் வைத்தான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"தனிலோ காலையிலயே கேட்டான். உங்களுக்கு அவமானம்னு நான்தான் வேண்டாம்னேன், பாஸ்குவால்."

பதினொரு வருடமாக அந்தப் பெயரை அவன் வாயால் யாரும் கேட்டதில்லை. பாஸ்குவால் நீட்டிய பாட்டில் நீட்டியபடியே இருந்தது. நிக்காசியோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தான்.