வேண்டாம் சொல்லி வளர்த்தவர்

சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி டம்ளரில் மோதுகிற சத்தம் கேட்கிறது. கிணிங், கிணிங், ஒரு நிறுத்தம், மறுபடி கிணிங். மருந்து கலக்குகிறார்கள். பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் பெண் தன் சின்ன மகனிடம் சொல்கிறாள்: "உனக்குக் கிடையாது. இது அக்காவுக்கு. நீ தொடவே கூடாது." ஓடி வருகிற சின்னக் கால்கள். காலி டம்ளர் தரையில் உருள்கிறது. அம்மாக்காரி சிரிக்கிறாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை வருத்தம் என்று சொல்ல முடியாது. பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் ஊசி போடுவார்களே, அப்போது வாய்க்குள் என்னவோ நடக்கிறது என்று தெரியும், வலி மட்டும் வராது. அப்படித்தான் இருக்கிறது.

அப்பா பெரம்பலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். யுத்த காலம். கொயினா என்று சனங்கள் சொல்லும் குளிர்காய்ச்சல் மருந்துக்குப் பெரிய தட்டுப்பாடு. இருப்பதைத் தண்ணீரில் கரைத்து, ஆளாளுக்கு ஒரு வாய் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு குழந்தை துப்பிவிட்டால் துப்பியது போனதுதான், மறுவாய் கிடையாது. மூக்கைப் பிடித்து ஊற்றினால் பாதி தரைக்குப் போகும். அப்பா அந்தக் கஷ்டத்தில்தான் தன் வித்தையைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். மருந்துக் கிளாஸைக் குழந்தையின் கண்ணுக்கு எதிரே வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். "இது பெரிய ஆளுங்க குடிக்கறது. உன்னால ஆவாது. நீ போய் வெளிய விளையாடு" என்பார். அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்தும், கையை நீட்டும். அப்பா கிளாஸைப் பின்னால் இழுப்பார். அது எட்டிப் பிடுங்கிக் குடிக்கும். கசப்பு முகத்தில் ஏறும்போதுகூட அதற்கு ஜெயித்துவிட்ட கர்வம். ஒரு சொட்டு கீழே விழாது.

இந்தப் பேர் ஊரெல்லாம் பரவிவிட்டது. மருந்து வாங்க வருகிறவர்கள் சிலர், இன்னொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். குரும்பலூர்ப் பக்கமிருந்து வந்த ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. "ஐயா, எம்மவன் பள்ளிக்கூடம்னாலே காட்டுப் பக்கம் ஓடுறான். போவாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிவுடுங்க, புண்ணியமாப் போவும்." அப்பா கடைத்தெருவில் அந்தப் பையனை மறித்துக்கொண்டார். "ஏண்டா பயலே, நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிடாதே. அங்க உக்காரவே இடமில்லை. உன்னை மாதிரி ஆளுக்கு அது சரிப்பட்டும் வராது." பையனுக்கு மூக்கு விடைத்தது. "ஏன் சரிப்படாது?" என்றான். மறுநாள் வாத்தியாருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தானாம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். "பிள்ளைங்ககிட்ட நேரா ஒரு வார்த்தை பேசினா என்னங்க, வாய் வெந்தா போவும்?" என்பாள். "நேரா சொன்னா யாரு கேக்கறா?" என்பார் அப்பா. "நாம சொல்லிக் குடிச்சா அது நம்ம மருந்து. அதுவாப் பிடுங்கிக் குடிச்சாத்தான் அதோட மருந்து."

வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஒரே சமயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் குளிர்காய்ச்சல் வந்தது. அப்பா இரண்டு கிளாஸ்களை எங்கள் முன்னால் வைத்து, இரண்டு பேருக்கும் அதே வார்த்தையைச் சொன்னார். நான் என்னுடையதைப் பிடுங்கிக் குடித்தேன். அக்கா தன் கிளாஸை அப்பாவின் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குடிக்காதே என்றார், குடிக்கவில்லை. அவ்வளவுதான். அவளுடையதையும் நானே எட்டி எடுத்துக் குடித்துவிட்டேன். இரண்டு பங்கு மருந்து ஏறி, அன்று முழுக்க என் காதுக்குள் ஒரு வண்டு பறந்துகொண்டிருந்தது. முறை தப்பாமல் அக்காவுக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. இதையும் அப்பா வேடிக்கையாகத்தான் வருகிறவர்களிடம் சொன்னார். சின்னது சூரப்புலி, பெரியது பசு என்றார். பசுவுக்கு வேறு மாதிரி மருந்து கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறிவிட்டால் வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம். அப்பாவுக்கு அது பெரிய ஆசை. பெரியம்மா வீட்டில், கடைத்தெருவில், ஆஸ்பத்திரியில் என்று யார் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அக்காவிடம் சொன்னதில்லை. கணக்குதான் அவளுக்குத் தடுமாறியது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த அப்பா, அவள் ஸ்லேட்டில் போட்ட கணக்கை அழித்து அழித்து, ஸ்லேட்டே வெளுத்துப் போயிருப்பதைப் பார்த்தார். கால் கழுவிக்கொண்டே சொன்னார், மருந்து கொடுக்கும்போது வருமே, அதே குரலில்: "விடும்மா. உனக்குக் கணக்கு வராது. பள்ளிக்கூடமும் போதும். நாளையிலேருந்து வூட்ல அம்மாவுக்கு ஒத்தாசையா இரு." என் பக்கம் திரும்பி, "நீயுந்தான்" என்றார். நான் ஸ்லேட்டுப் பலகையைத் தரையில் அடித்து, போவேன் போவேன் என்று கத்தினேன். அப்பாவின் மீசைக்கடியில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பவள் மாதிரி இருந்தது. பிறகு "சரிப்பா" என்றாள். ஸ்லேட்டைத் துணியால் துடைத்து மாடத்தில் வைத்தாள். இலை போடப் போனாள்.

மறுநாள் காலையில் அவள் கிணற்றடியில் இருந்தாள். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றார், செயினில் ஏதோ கோளாறு என்பதுபோல் குனிந்து குனிந்து பார்த்தார். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவுக்குத் தெரிந்தது ஒரே மருந்து. வேலை செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டுவதுதானே வழக்கம். ஒரு வாரம் கழித்து அவளுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "அந்தப் புஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுடலாம். இடத்தை அடைக்குது." அக்கா புத்தகங்களை அடுக்கி, சணலால் கட்டி, அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். அப்பா அந்தக் கட்டை எடைக்குப் போடவில்லை, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பரணில் ஏற்றினார். நான் இருந்தேன். என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை போலும்.

அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள். "அவ படிக்கணும்னு உங்களுக்கு இருந்தா அதைச் சொல்லித் தொலையுங்களேன்." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "அவளாக் கேக்கணும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆசை ஊட்டி வருவதில்லை என்று அவர் நம்பினார். எத்தனையோ குழந்தைகளிடம் அது சரியாகவும் இருந்தது. ஆனால் மறிக்கிற கையைத் தட்டிவிட்டுப் போகிற குழந்தைக்கு ஆனது அந்த மருந்து. அப்பா சொன்னால் அப்படியே இருக்கும் என்று நம்புகிற குழந்தைக்கு அது வெறும் கசப்பு. இந்த வித்தியாசத்தை எழுத எனக்கு ஒரு வரி போதுமாக இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள அவர் வாழ்நாளில் பாதியைச் செலவழித்தார்.

அரியலூரிலிருந்து வரன் வந்தது. கடலைக்காய் மண்டி வைத்திருந்த குடும்பம், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வீடு. அம்மாவுக்குத் திருப்தி. அப்பா அக்காவைக் கூப்பிட்டார். "நல்ல இடம். இப்பவே முடிச்சிட வேண்டியதுதான். படிப்பா, ஒண்ணா, உனக்கு என்ன வேலை இங்க?" என்றார். வார்த்தைகள்தான் அப்படி. கண் வேறு எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்லும்மா, ஒரே ஒரு மாட்டேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டம்பா" என்றாள். அந்தத் தை மாதமே கல்யாணம். அவளை அரியலூருக்கு ஏற்றிக்கொண்டு போனது கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ். பின்னால் பீப்பாய் மாதிரி அடுப்பு. புகையில் அக்காவின் முகம் தெரியாமல் போனது. அழுதாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

என் கதை வேறு. என்னிடம் எதை வேண்டாம் என்றாலும் அதில் பாய்ந்தேன். பாய்ந்து படித்தேன், பாய்ந்து ஊரை விட்டேன், பாய்ந்து வேலைகளை மாற்றினேன். ஒரு இடத்தில் உட்கார முடியாத இந்தக் கால்கள் அப்பா கொடுத்தவை. எனக்கு ஒன்று வேண்டும் என்பது யாராவது அதை மறித்தால்தான் எனக்கே தெரிகிறது. இப்போது வயதாகிவிட்டது, என்னை மறிக்க யாரும் இல்லை. ஆகவே எதுவும் வேண்டியதாகவும் இல்லை. காலையில் எழுந்து நின்று, இன்றைக்கு என்ன வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பதில் வருவதில்லை.

யுத்தம் முடிந்திருந்தது, கரி பஸ் மட்டும் இன்னும் முடியவில்லை. திருச்சியில் ஹாஸ்டலில் சேர்ந்து படிக்கக் கிளம்பினேன். பெரம்பலூரிலிருந்து நேரே பஸ் உண்டு. முதல் நாளே அப்பா சொன்னார்: "அரியலூர் போய் அக்காவைப் பார்த்துட்டு ரயில்ல போவோம்னெல்லாம் கேக்காதே. அது சுத்து வழி." நான் கேட்டேன். அரியலூர் வழியாகப் போனோம்.

அக்காவின் பெண்ணுக்கு இரண்டரை வயது இருக்கும். காய்ச்சல். கண் இரண்டும் பழுத்துக் கிடந்தன. சீசாவில் மருந்து இருந்தது. அப்பாவுக்குக் கையில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. சின்ன டம்ளரில் ஊற்றி, குழந்தைக்கு முன்னால் குந்தினார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இது..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா." அக்கா அடுக்களை நிலைப்படியில் நின்றாள். குரல் உயரவில்லை. "அவகிட்ட குடின்னே சொல்லுங்க."

அப்பா திரும்பினார்.

"அது என்னை மாதிரிப்பா. சொல்றதை அப்படியே கேட்டுக்கும்."

டம்ளர் அப்பாவின் கையில் அப்படியே நின்றது. குழந்தை டம்ளரையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த வார்த்தையை அவர் எங்கேயோ தேடினார். தெரியாத பாஷையில் பேசுகிறவர் போல உதடு ஒருமுறை அசைந்து நின்றது, மறுபடி அசைந்தது. "குடி" என்றார். "குடிம்மா." குழந்தை வாங்கிக் குடித்தது. முகத்தைச் சுளித்தது. டம்ளரை அவரிடமே கொடுத்தது. அக்கா வந்து டம்ளரை வாங்கிக் கழுவப் போனாள்.

சாப்பிட்டோம். என் தகரப் பெட்டியை ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். வண்டிக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா ஏறவில்லை. நுகத்தடியில் கை வைத்தபடி தெருவில் நின்றார். அந்த வருஷ ஐப்பசி மழையில் அவர் காலமாகிவிட்டார். அக்கா இரண்டாவது பிரசவத்தில் இருந்தாள், வர முடியவில்லை. ஆகவே அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அன்று அந்தத் தெருவில்தான் கடைசி. வெயில் கடலைத் தோல் குவியலின் மேல் கிடந்தது. அப்பா மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்கு நீ படிக்கணும்னுதாம்மா அப்படிச் சொன்னேன்."

அக்கா குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"தெரியும்பா. அப்பவே தெரியும். நீங்களா வாயைத் திறந்து படின்னு சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன். ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."