வெட்டிய வயிற்றுக்கு ஒரு விருந்து

அல்சர் ஆபரேஷனில் என் இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பிடுங்க, இனிப்பைத் தொடாதீங்க" என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

நான் பிழைத்ததற்கு நன்றியாக, செம்பாக்கத்தில் என் அக்கா கணவர் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார். ஜெபம் முடிந்ததும் பிரியாணி, பாயசம். இரைப்பையைப் பறிகொடுத்தவனுக்கு வேறு எப்படி மரியாதை செய்வது?

"என்ன மச்சான், மலை மாதிரி இருந்தே, இப்டி வத்தலா ஆயிட்டியே! நீ மொதல்ல குடிச்சாத்தான் பந்தி ஆரம்பிக்கும்."

"டாக்டர் வேணாம்னாரு அத்தான்."

"ஜெபம் பண்ணின பாயசம்டா, ஒண்ணும் ஆவாது."

நாற்பது பேர் பசியோடு என்னையே பார்த்தார்கள். மறுக்க வெட்கப்பட்டு இரண்டு டம்ளர் குடித்தேன். கால் மணி நேரத்தில் சட்டை நனைய வியர்த்து, நெஞ்சு படபடத்து, போதகர் தோளிலேயே சாய்ந்துவிட்டேன். உடனே எல்லோரும் மறுபடி ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஒருவருக்காவது டாக்சி பிடிக்கத் தோன்ற வேண்டுமே!

என் மனைவிதான் தெருவுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். "குழந்தையா நீங்க? வேணாம்னு சொல்ல வாய் இல்லியா?" அத்தான்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பியது.

இப்போதெல்லாம் எந்த விருந்துக்கும் வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போகிறேன். அங்கே எதையும் தொடுவதில்லை. அத்தானுக்கு மனவருத்தம்தான். இருக்கட்டும், முழு வயிறு உள்ளவர், செரித்துக்கொள்வார்.