எறும்பு ஏறாத மண்

ஜெபமாலையம்மாள் வீட்டு அடுப்பிலிருந்து பூண்டு வாசம் வந்தது. வீட்டில் ஒரு பல் பூண்டு கிடையாது. உலையில் வரகரிசி மட்டும்தான் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். கஞ்சியில் வாசம் இல்லை. குனிந்து அடுப்பை ஊதியபோதுதான் தெரிந்தது, வாசம் புகையிலிருந்து வருகிறது. கீழ்வயலில் பூ வைப்பதற்கு முன்பே கருகிப்போன கடலைக்கொடியை அள்ளி வந்து எரித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் வேறு வீடு இல்லை.

அன்று சாயங்காலம் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். உள்ளங்கால் இரண்டும் மதமதவென்று மரத்துப்போயின.

அது 1952. கார்த்திகை மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கியிருந்த சமயம். ஜெபமாலை ஆவூரில் பிறந்து, நார்த்தாமலைக்கு மேற்கே செம்பாறைப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் லூர்துநாதன் கல்யாணமான மறுவருஷமே கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். கிணறும், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையும், கீழ்வயலும் அவள் பொறுப்பு. எதையும் பாதியில் விடாதவள். ஒருதடவை அவளுடைய பெட்டைக்கோழி களவுபோனபோது, கீரனூர்ச் சந்தைக்கு நடந்துபோய், கூடை கூடையாகக் கிளறி, தன் கோழியைக் கண்டுபிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பியதை ஊரில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கீழ்வயல் வரப்பில் ஒரு நரி செத்துக் கிடந்தது. நாற்றமெடுக்கும் முன் இழுத்துப் போடலாமென்று நினைத்தாள். காலில் தெம்பில்லாமல் நாள் தள்ளிக்கொண்டே போனது. நரி நாறவே இல்லை. காக்கை இறங்கவில்லை. ஈ மொய்க்கவில்லை. கண் பாதி திறந்து, வால் மயிர் காற்றில் அசைய, தூங்குகிற மாதிரியே கிடந்தது. ஒரு மத்தியான வேளையில் பக்கத்தில் போய்க் குந்திப் பார்த்தாள். உடம்பு கருவாடாக இறுகியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. உட்கார்ந்து இவ்வளவு நேரமாகியும் காலில் ஓர் எறும்புகூட ஏறவில்லை.

வீட்டிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தாள். மறுநாள் வெல்லம் பனியில் கசிந்து அப்படியே இருந்தது. சுற்றிலும் மண் சுத்தமாக, யாரோ பெருக்கிவிட்ட மாதிரி இருந்தது.

ஊரில் முனி என்றார்கள். குறி சொல்லும் கோடாங்கி வந்து எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். இரண்டுக்கும் வயல் அசையவில்லை. அடுத்த மழை பெய்து காய்ந்த அன்று, மேட்டிலிருந்து வயல்வரைக்கும் கோலமாவு சிந்தியதுபோல ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்ததை ஜெபமாலை பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தாள்.

கோடு பழைய தோல் கிடங்குக்குள் போய் முடிந்தது.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த காலத்தில் வெள்ளைச்சாமி என்பவர் நடத்திய கிடங்கு அது. சுற்றுவட்டாரத்துத் தோலெல்லாம் அங்கே வரும். பூச்சி அரிக்காமலிருக்கப் பாஷாணம் கரைத்த தொட்டியில் முக்கி, காயவைத்து, கட்டுக் கட்டாக மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அவர் கிடங்கைப் பூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குக் குடிபோய்விட்டார். கதவு இற்று விழுந்திருந்தது. ஜெபமாலை உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆள் புழங்காத இடம். ஆனால் ஒரு சிலந்திவலை இல்லை. சுவரில் பல்லி இல்லை. உத்தரத்தில் கரையான் தொட்ட தடம் இல்லை. நேற்றுத்தான் யாரோ கழுவிவிட்டுப் போனதுபோல இருந்தது. விரிசல் விட்டுக் கிடந்த தொட்டிகளின் அடியில் வெள்ளையாக ஏதோ பொரிந்திருந்தது. அவளுடைய மூச்சுச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டாள்.

மறுநாளே பஸ் பிடித்து வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போனாள். அவர் ஈஸிசேரில் சாய்ந்தபடி, இரண்டு கையையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு கேட்டார்.

"கிடங்கப் பூட்டி எத்தனையோ வருஷம் ஆச்சே ஆத்தா. அங்கிட்டு இப்ப எனக்கு என்ன இருக்கு?"

"நீங்க பூட்டிட்டு வந்துட்டீங்க மொதலாளி. பாஷாணம் உள்ளயே இருக்கலையே. எங்க வயலுக்கு இறங்கி வந்துருச்சே."

"மழை அடிச்சுட்டு வந்ததுக்கு நான் என்ன செய்ய?"

ஜெபமாலை அங்கிருந்து நேரே வக்கீல் ஆத்மநாதன் வீட்டுக்குப் போனாள். பொதுவாக அவரிடம் வருவது வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை. இது புதுசு. ஆனாலும் பிராது எழுதினார். கீழ்வயல் மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் சீல் வைத்துச் சென்னைச் சோதனைச்சாலைக்குப் போயின. இரண்டிலும் ஆர்சனிக் பாஷாணம் இருப்பதாகவும், அது தீயில் பட்டால் பூண்டு வாசம் அடிக்கும் என்றும் பதில் வந்தது.

முன்சீப் கோர்ட்டில் வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தது. ஒருவழியாக ஜெபமாலை கூண்டேறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவளை மடக்கப் பார்த்தார்.

"மழை பெஞ்சதுக்கும் என் கட்சிக்காரர்தான் பொறுப்புன்னு சொல்றியாம்மா?"

"மழை எங்க ஊருல எப்பவும் பெய்யுறதுதாங்க. பாஷாணந்தான் புதுசு."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின் கூண்டேறிய வெள்ளைச்சாமியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த அந்த உள்ளங்கைகள் தேரைத் தோல்போலத் தடித்து, முண்டு முண்டாகக் காய்த்து, வெடித்திருந்தன. அவர் மண்வெட்டி பிடித்தவர் இல்லை. அது எதனால் வந்ததென்று அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

கேடு செய்யும் பொருளைத் தன் இடத்தில் கொண்டுவந்து வைத்தவரே அது எல்லை தாண்டினால் பொறுப்பு. தொழிலை நிறுத்தியதால் பொறுப்பு நின்றுவிடாது என்று தீர்ப்பானது. நஷ்டஈடு வேண்டுமா என்று கேட்டதற்கு, "அந்த மண்ணை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கய்யா, போதும்" என்றாள். அப்படியே டிக்ரி ஆனது.

சித்திரையில் ஆட்கள் வந்தார்கள். கிடங்குத் தொட்டிகளைப் பெயர்த்தார்கள். கிடங்குத் தரையையும் கீழ்வயலையும் முழங்கால் ஆழத்துக்கு வெட்டி வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார்கள். கிணற்றையும் இறைத்துத் தூர்வாரினார்கள். ஜெபமாலை கண்மாய் வண்டலை அடித்து வயலை நிரப்பினாள். ஆடியில் விதைத்துக்கொண்டிருந்தபோது கணுக்காலில் சுருக்கென்று ஏதோ கடித்தது. குனிந்து பார்த்தால் கட்டெறும்பு. அதை நசுக்காமல் தட்டிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் கீரனூர்ச் சந்தையில் காத்தாயி என்று ஒருத்தியைப் பார்த்தாள். மலையடிக் குடிசைகளில் ஆடு வளர்ப்பவள். ஒட்டி உலர்ந்த ஒரே ஒரு குட்டியை விற்க வந்திருந்தாள்.

"மத்ததெல்லாம் செத்துப்போச்சுக்கா," என்றாள் காத்தாயி. "செத்ததைத் தூக்கிப் போட்டா நரிகூடத் தொடமாட்டேங்குது. பள்ளத்தோரம் வெட்டின முள்ளை அடுப்புல வச்சா, வீடே பூண்டு வாசம் அடிக்குது."

ஜெபமாலை கூடையைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பள்ளம்?"

"கல்லு வெட்டிப் போட்ட பழைய பள்ளந்தான். போன வருஷம் வண்டி வண்டியா மண்ணு கொண்டாந்து கொட்டினாங்க. யாருன்னு தெரியலை."

ஜெபமாலை அவளோடேயே நடந்தாள். மலையடியில் பாறைக்கு நடுவே அந்தப் பள்ளம் இருந்தது. முதல்நாள்தான் நல்ல மழை. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து, அடியில் குவிந்திருந்த மண் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ தவளைகள் விடாமல் கத்தின. இந்தப் பள்ளத்தில் சத்தமே இல்லை. காத்தாயி தாழ்ந்த குரலில், "இங்க நின்னா யாரோ நம்மளப் பாத்துக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கும்க்கா," என்றாள். ஜெபமாலை குனிந்து பார்த்தாள். அடியில் தெரிந்தது அவளுடைய கீழ்வயல்.

"அந்த மண்ணை எடுக்கச் சொன்னது நாந்தான்," என்றாள். காத்தாயி அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

வக்கீல் ஆத்மநாதன் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போகணும்னு டிக்ரி வாங்கினோம். எங்கே போடணும்னு நாம கேக்கலையே. தப்பு என்மேலயும் இருக்கு. அந்தப் பொம்பளை பிராது குடுத்தா, ஒன்னையும் சேத்துத்தான் இழுப்பாங்கம்மா. நீ கேட்டுத்தானே எடுத்தாங்கம்பாங்க."

"இழுக்கட்டுங்க. காத்தாயிக்கு நீங்களே பிராது எழுதுங்க. என்னையும் பிரதிவாதியாப் போடுங்க."

"ஒனக்கு வக்கீலா இருந்துட்டு ஒன்மேலயே நான் வழக்குப் போடுறதா? அது முறையில்லம்மா."

கடைசியில் அவர் ஒதுங்கிக்கொண்டு வேறொரு வக்கீலை அமர்த்திக் கொடுத்தார். முதல் பிரதிவாதி வெள்ளைச்சாமி, இரண்டாம் பிரதிவாதி ஜெபமாலையம்மாள். செம்பாறைப்பட்டியில் விஷயம் பரவியதும் ஊரே அவள்மேல் பாய்ந்தது. கோர்ட்டு அந்த மண்ணை மறுபடி இங்கேயே கொண்டுவரச் சொன்னால் என்ன ஆவது?

"போன சனியனைத் திரும்ப இழுத்துட்டு வாரியா?" என்று கேட்டார் ஊர்ப் பெரியதனக்காரர் உடையப்பன்.

"அது நம்ம ஊரை விட்டுத்தான் போயிருக்கு மாமா. ஒழிஞ்சு போகலை," என்றாள். அதன்பிறகு அவள் வாசல் வழியாக ஆட்கள் பேசாமல் நடந்தார்கள். கவலை இறைக்க ஆள் கிடைக்கவில்லை. மாதா கோவிலில் அவள் பக்கத்துப் பாய் காலியாகவே கிடந்தது. சில ராத்திரிகளில் அவளுக்கே சந்தேகம் வந்தது, வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமோ என்று.

விசாரணையன்று வெள்ளைச்சாமியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவர் வக்கீல் வாதம் தொடங்கியதும் கையமர்த்தினார். பிறகு துண்டை விலக்கி, உள்ளங்கைகளை முன்சீப் பக்கமாக விரித்துக் காட்டினார். அவற்றில் இப்போது புண் வைத்திருந்தது.

"டாக்டர் சொல்லிட்டாருங்க, பாஷாணந்தான்னு. தொட்டியில எறங்கி முக்கினவங்க நெறையப் பேரு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. கிடங்குப் பூமி இன்னமும் என் பேருலதான் இருக்கு. அந்த மண்ணை அங்கயே கொண்டாந்து மூடிருங்க. அந்த ஆத்தாவை விட்டுருங்க. அது கேட்டதுல தப்பில்லை. கொண்டுபோய்க் கொட்டினது நான்."

அதையே கோர்ட்டு ஆணையாக்கியது. ஜெபமாலைமேல் பொறுப்பில்லை என்று தள்ளியது. கிடங்கு இருந்த மேட்டில் பாறையைக் குடைந்து, கல்லும் சிமெண்டும் வைத்து உள்ளே பூசி, பள்ளத்து மண்ணையெல்லாம் இறக்கி, மேலே பலகைக்கல் பாவி மூடினார்கள். அந்த இடத்தை யாரும் தோண்டக்கூடாது, விற்றாலும் இந்தத் தடை கூடவே போகும் என்று பத்திரத்தில் ஏற்றினார்கள். வேலை முடிவதற்குள் வெள்ளைச்சாமி இறந்துபோனார். மிச்சத்தை அவர் மகள் சொத்திலிருந்து செய்து முடித்தாள்.

பொறுப்பில்லை என்று சொன்ன பிறகும் ஜெபமாலை வேலை முடிகிறவரை அங்கேயே நின்றாள். கடைசி வண்டி வந்த அன்று காத்தாயியும் கூட வந்திருந்தாள். வண்டிக்குப் பின்னால் தெறித்த கட்டிகளைக்கூட முறத்தில் கூட்டி அள்ளினாள். அவள் கிளம்பும்போது, "ஆவூர்த் தேருக்கு வீட்டுக்கு வா," என்று மட்டும் சொல்லிவிட்டு, மேட்டைச் சுற்றிப் போட்டிருந்த வேலியின் படலை ஜெபமாலை மூடினாள். காத்தாயி வந்தாள். பிறகு வருஷா வருஷம் வந்தாள்.

ஊர்க்கோபம் மெல்லத்தான் ஆறியது. ஆறாமலே போனவர்களும் உண்டு. ஆனாலும் மழை விட்டதும் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போய், கல்லிடுக்குகளைத் தடவித் தடவிப் பார்ப்பதை அவள் நிறுத்தவில்லை. விரிசல் கண்ட இடத்தில் சிமெண்டு பூசுவாள். யாரும் அவளைச் செய்யச் சொன்னதில்லை. அந்தப் பலகைக்கல்லில் உட்காருவாரும் இல்லை, அதன் நிழலில் படுக்கும் நாயும் இல்லை.

1964இல் லூர்துநாதன் தலை நரைத்து ஊர் திரும்பினான். வந்த மறுநாள் அவளைத் தேடிக்கொண்டு மேட்டுக்கு ஏறியவன், நீளமான அந்தக் கல்மேடையைப் பார்த்துத் தயங்கி நின்றான். பேர் இல்லை, சிலுவை இல்லை. தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"யாரப் பொதைச்சிருக்கு?"

"ஆளு யாருமில்லை," என்றாள் ஜெபமாலை. "அந்த ஓரம் கொஞ்சம் விரிஞ்சிருக்கு. மேகம் கூடுது. சட்டிய இங்கிட்டு நகத்துங்க."

அவன் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டு, சிமெண்டுச் சட்டியை அவள் பக்கமாக நகர்த்தினான்.