மற்றவர்கள் என்ற நிரல்

உள்ளூர்க் கவுன்சில் போட்ட அந்தக் கையேட்டின் அட்டை வெளிர்நீலம். எங்கள் வட்டாரத்தில் எத்தனை வீடுகள், ஒரு வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை, யார் என்ன மொழி பேசுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் கிளினிக்குகளுக்குப் பொறுப்பான அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அதை விரித்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். தமிழ் அதில் இல்லை. ‘மற்றவர்கள்’ என்றொரு நிரலில், எந்தெந்த நாட்டுக்காரரோடோ சேர்த்து எங்களையும் போட்டிருந்தார்கள். எண்கள் தேவையைக் காட்டவில்லை, ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைக்க முடியாது என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் போனது மாமியின் காலுக்காக. மாமி என் கணவரின் தாய், சீனி வருத்தக்காரி, நீரிழிவு நோயாளி. கால் விரலில் சிறு புண் வந்து அவர் கிளினிக்குக்குப் போன அன்று நாங்கள் எல்லோரும் வேலையில். அங்கே இந்தி தெரிந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு விளக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியில் ஒரு சொல்லும் அறியாத மாமி மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்ற வரவேண்டும் என்று சொல்லியிருந்தது எங்களுக்குத் தெரியவந்தபோது, ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தாயிற்று. ‘நோயாளி புரிந்துகொண்டார்’ என்று பதிவில் எழுதியிருந்தது.

மச்சாள், என் கணவரின் அக்கா, அந்தக் கையேட்டை அங்கேயே இருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தார். யாழ்ப்பாணக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், புள்ளிவிபரப் பகுதியில் பல வருடம் வேலை பார்த்தவர். லண்டனில் ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தார். பஸ் தரிப்பில் என்னைக் கேட்டார்.

“எங்கட வீட்டுக்கு வந்த கவுன்சில் படிவத்தில எத்தனை பேர் எண்டு எழுதினனீர்?”

“நாலு.”

“இருக்கிறது பதினொரு பேர்.”

“வீட்டுக்காரன் அறிஞ்சால் வீட்டை விட்டு எழுப்பிப் போடுவான் மச்சாள். கூட இருக்கிற பெடியளுக்கு விசாவும் சரிவரேல்லை.”

“பயத்தில நாங்கள் ஒளிச்சம். இப்ப ஆக்களே இல்லை எண்டு அவை சொல்லுகினம்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பியும் பேனையுமாக வீடுவீடாகப் புறப்பட்டார். நானும் போனேன். பெயரும் எழுதவில்லை, கதவிலக்கமும் எழுதவில்லை. எந்தத் தெரு, வீட்டில் எத்தனை பேர், என்ன மொழி, கடைசியாக டொக்டரிடம் போனபோது உங்களுக்காக யார் கதைத்தது, அவ்வளவுதான். “நீங்கள் ஹோம் ஒபிசோ?” என்று கேட்டு, விசா பார்க்க வந்தவர்கள் எனப் பயந்து கதவைச் சாத்தியவர்களும் உண்டு. ஒரு வீட்டில், தாயின் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது என்று டொக்டர் சொன்னதை எட்டு வயது மகள்தான் தாய்க்குச் சொல்லியிருக்கிறாள். அன்று மச்சாள் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

பல ஞாயிறுகள் கழித்துக் கணக்கை அழகாகத் தட்டச்சு செய்து கொண்டுபோனோம். யார் உங்களுக்கு அனுமதி தந்தது, இந்த முறையை நாங்கள் ஏற்க முடியாது என்று சொல்லி அதிகாரி அதை மேசை லாச்சிக்குள் வைத்தார். அடுத்த கிழமை மச்சாள் மாமியையும் அங்கே கூட்டிப்போனார். மாமியைக் கதிரையில் இருத்தி, தானே குனிந்து காலிலிருந்த கட்டை அவிழ்த்தார். “இந்தக் காலை எந்த நிரலில் போடுவீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். ஒன்றும் விளங்காத மாமி அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்.

சில மாதங்களில் வியாழக்கிழமைக் காலைகளில் கிளினிக்குக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வரத் தொடங்கினார். பிறகு புதிய கையேடு வந்தது. தமிழுக்குத் தனி நிரல். தெருவாரியான எண்கள் அப்படியே மச்சாளின் கொப்பியில் இருந்தவை. கீழே ‘கவுன்சிலின் மதிப்பீடு’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதே அலுவலகத்தில் புள்ளிவிபரம் சேகரிக்க ஆள் தேவை என்று விளம்பரம் வந்தபோது மச்சாள் விண்ணப்பித்தார். இந்த நாட்டு அனுபவம் இல்லை என்று பதில் வந்தது. கடிதத்தை இரண்டாய் மடித்து வைத்துவிட்டு, “ஷிப்டுக்கு நேரமாச்சு, வாறன்” என்று போனார். ஓய்வு பெறும்வரை பட்டர்தான் பூசினார்.

போன வருடம் பக்கத்துச் செவன் கிங்ஸில் ஒரு மண்டபத்தில் தமிழர் கூட்டம். எங்கள் கவுன்சிலில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி திரையில் படம் காட்டி, தமிழரின் தேவையைக் கவுன்சில் தொண்ணூறுகளிலேயே கண்டறிந்தது என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். மச்சாளும் தட்டினார். நான் எழும்பினேன். “இரும், விடும்” என்று மச்சாள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

“அந்தக் கணக்கை எடுத்தது கவுன்சில் இல்லைப் பிள்ளை. இந்தா இருக்கிற இவ. பேரைச் சொல்லுறன், எழுதும்” என்றேன்.

முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, அவள் எழுதி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.