சார்ஜாவில் ஒரு சாவி

எங்கள் காருக்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில், இன்னொன்று சார்ஜாவில்.

கார் வாங்கிய வருடம், லீவு முடிந்து சார்ஜாவுக்குக் கிளம்பும்போது ஒரு சாவியைச் சட்டைப்பையில் மறந்து கொண்டுவந்துவிட்டதாக என் வீட்டுக்காரர் போனில் சொன்னார். அடுத்த லீவிலும் அதே மறதி. அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அங்கே அவர் ஓட்டுவது கம்பெனி வண்டி. சாயங்காலமானால் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் ரூமுக்குப் போக வேண்டும். கட்டிலுக்கு மேலே ஆணியில் எங்கள் கார் சாவி தொங்குவதை வீடியோ காலில் பார்த்திருக்கிறேன். தவணை கட்டுவது அவர், ஊர் சுற்றுவது நான். ஒரு சாவியாவது அவரிடம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க மீமிசல் கடற்கரைக்குப் போனேன். புதுக்கோட்டையில் எங்கள் திருக்கோகர்ணத்திலேயே மீன் கிடைக்கும்தான். ஆனால் கார் ஓட்டப் பழகியவளுக்குப் பக்கத்துக் கடை மீன் ருசிக்காது. வீட்டுச் சாவியைச் செருகிப் பழகிய இடுப்பில் கார் சாவியையும் செருகியிருந்தேன். கரையோரம் நின்ற படகில் நண்டைப் பார்த்ததும் குனிந்தேன், கார் சாவி வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. நாலு பேர் இறங்கிச் சேற்றைத் துழாவினார்கள். சிப்பி வந்தது, அறுந்த வலை வந்தது, சாவி மட்டும் வரவில்லை.

"விடு ஆத்தா, நண்டை எப்புடிக் கொண்டு போவேன்னு பாரு. பஸ்ல ஏத்த மாட்டான்" என்றார் நண்டு விற்ற அம்மா. அந்த நேரத்தில் அவருக்கு அவர் கவலை.

காரை ஒரு லாரியில் ஏற்றிப் புதுக்கோட்டை ஒர்க்‌ஷாப்பில் இறக்கினோம். டிரைவர் பக்கத்தில் நான், மடியில் நண்டு. மறுநாள் காலை போய், "சாவிதானே, ஒண்ணு வெட்டிக் குடுங்க" என்றேன். அங்கிருந்தவர் சிரிக்காமல் விளக்கினார்.

"வெட்டுனா கதவுதாங்க தொறக்கும். சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கு. வண்டிக்கு அந்தச் சிப்பை அடையாளம் தெரிஞ்சாத்தான் இன்ஜின் கிளம்பும்."

விலையைச் சொன்னார். அந்தக் காசுக்கு நகைக்கடையில் உட்காரவைத்துக் குடிக்கக் கலர் கொடுத்திருப்பார்கள். திருடனுக்காகச் செய்து வைத்த ஏற்பாடு இதுவரை என் ஒருத்தியைத்தான் பிடித்திருக்கிறது என்று பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்ததைச் சொன்னார்.

"இன்னொரு சாவி இருந்தா கொண்டாங்க. புதுச் சாவியோட சிப்பை வண்டியில ஏத்தும்போது, கையில இல்லாத சாவியெல்லாம் வண்டி ஞாபகத்துலேருந்து அழிஞ்சிரும். அப்புறம் அதைப் போட்டா வண்டி கிளம்பாது."

எனக்குச் சட்டென்று அந்த ஆணிதான் ஞாபகம் வந்தது. வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஊருக்கு வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு யாரும் வரவில்லை என்றார். நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என் சாவியில கதவாச்சும் தொறக்குமா?"

"தொறக்குமாம்."

"அப்பறமென்ன, ஏத்தச் சொல்லு. நீ எத்தனை நாளைக்கு பஸ்ல அலைவ?"

புதுச் சாவி வந்தது. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வீடியோ காலில் பார்த்தால் பழையது அதே ஆணியில்தான் தொங்கியது.

அடுத்த லீவுக்கு அவரை அழைத்துவரத் திருச்சி விமான நிலையத்துக்குப் போனேன். நான் நீட்டிய புதுச் சாவியை அவர் வாங்கவில்லை. பையிலிருந்து தன் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். உட்கார்ந்து சாவியைத் திருகினார். இன்ஜின் அசையவில்லை. மீட்டருக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"நம்மள ஆருன்னு கேக்குது" என்று சிரித்துக்கொண்டே இறங்கி, அங்கிட்டுச் சுற்றிப்போய் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன்.

அவர் திரும்பிப் போவதற்கு முந்தின நாள், தூங்கிக்கொண்டிருந்தவருடைய பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இரண்டையும் சேர்த்து ஏற்றச் சொன்னேன். அதே ஆள்தான் இருந்தார்.

"சார் நாளைக்குப் போறாருங்கிறீங்க. சாவி அங்க, வண்டி இங்க. அதுல வண்டி கிளம்பி என்னங்க ஆகப்போவுது? காசுதான் தண்டம்."

"கிளம்பணுங்க" என்றேன்.