ஆர்டர் கைக்கு வருமுன்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செவ்வந்தியின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பயோடேட்டா அடிக்க அங்கே வருகிறவர்கள் எவ்வளவு நேரமாகும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அவள் பதிலுக்கு ஒரு கேள்வி போடுவாள். "நேத்து வேலைக்குப் போனதும் மொதல்ல என்னங்க பண்ணுனீங்க?"

இதற்குப் பதில் சொல்லாமல் அந்தக் கடையில் யாருக்கும் பயோடேட்டா கிடைத்ததில்லை. "அடிச்சுத் தர்றதுக்கு வந்தா போலீஸ் ஸ்டேசனாட்டக் கேக்கறீங்களே" என்று முறைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள் உண்டு. போனவர்களில் பாதிப் பேர் திரும்பியும் வந்திருக்கிறார்கள்.

செவ்வந்திக்கு முப்பத்தாறு வயது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை பார்த்த சுப்பையனின் மகள். பி.காம். முடித்ததும் ஒரு மில்லின் டைம் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தாள். அதை விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் பில் போட்டாள். அதையும் விட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பில் உட்கார்ந்தாள். மூன்றாவதையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று அம்மா மாரியாத்தாள், "ஏங்கண்ணு, வேலை உன்ட்ட ஒட்டலையா, நீ வேலைல ஒட்டலையா?" என்று கேட்டாள். திட்டுவதற்குத்தான் கேட்டாள். மகளோ நல்ல கேள்வியாக இருக்கிறதே என்று அதைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தாள். மூன்று இடத்திலும் தனக்குப் பிடித்திருந்தது எது? டைம் ஆபீசில், லேட்டாக வருகிறவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்பது. ஜவுளிக்கடையில், யாருக்கு என்ன விசேசத்துக்கு எடுக்கிறார்கள் என்று விசாரிப்பது. ஆஸ்பத்திரியில் வாங்கிய மெமோவே, நோயாளிகளிடம் தேவையில்லாத கேள்வி கேட்கிறாள் என்பதற்குத்தான். அப்படியானால் கேள்வி கேட்பதையே வேலையாக வைத்துக்கொண்டால் என்ன என்று இந்தக் கடையைப் போட்டாள். ஏழு வருசமாகிறது.

ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் கோவிந்தராஜுலு கடைக்கு வந்தார். நாற்பத்தெட்டு வயது. தேய்த்த சட்டை, நெற்றியில் மெலிசாகத் திருமண். பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"ஏனுங்க அம்மணி, இதுல போன் நம்பரை மட்டும் மாத்தி ஆறு காப்பி குடுத்துப்போடுங்க."

செவ்வந்தி வாங்கிப் படித்தாள். "பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பதுன்னு போட்டிருக்குது. இப்பவும் கேக்கறீங்களாங்ணா?"

"எங்கீங்க. அது கல்யாணத்துக்கு முந்தி அடிச்சது."

"பலம், கடின உழைப்பு. பலவீனம், அதிக உழைப்பு. ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"அன்னைக்கு அடிச்சுக்குடுத்தவரு எல்லாத்துக்கும் அதையேதானுங்க போட்டாரு."

"செரி, இப்ப என்ன வேலைங்ணா?"

"மில்லுல ஸ்டோர்ஸ் இன்சார்ஜுங்க. இருபத்தொரு வருசம்."

"அது பதவிங்க. நான் வேலையைக் கேட்டேன்."

கோவிந்தராஜுலு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். இருபத்தொரு வருசத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது. "ஆவணி பொறந்துட்டா பேரிங்குக்குச் சொல்லி வெப்பேனுங்க" என்றார் மெதுவாக.

"ஏன் ஆவணில?"

"தீவாளி நோம்பிக்கு முந்தி மிஷினை நிக்க உடாம ஓட்டுவாங்க. அப்பத்தான் பேரிங் போகும். போன அப்பறமேட்டுக்குச் சொன்னா, சரக்கு வந்துசேரப் பத்து நாளு. அதுவரைக்கும் மிஷின் சும்மா நிக்குமுங்க."

"இதை யாரு உங்களைச் செய்யச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. மூணு வருசம் பாத்தா நமக்கே தெரியுமுல்ல."

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டூப்ளிகேட் பேரிங்கை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றாள். பேர் பொறித்திருக்கிற இடத்தில் நகத்தை ஓட்டினால், போலியில் தட்டும் என்றார். எத்தனை தடவை பிடித்தீர்கள் என்றாள். பதினொன்று என்றார், உடனே. ஒரு மணி நேரத்தில் அந்தப் பழைய தாளில் இருந்ததில் பெயரும் பிறந்த தேதியும் மட்டுமே மிஞ்சின. உதிரிபாகம் தீருமுன் வாங்கிவைத்து மிஷின் நிற்காமல் பார்த்தது, போலிச் சரக்கைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது, ஆயுதபூஜை லீவுக்குள் ஸ்டாக் முழுவதையும் சரிபார்த்து முடிப்பது என்று ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இது நானுங்களா?"

"நீங்க சொன்னதுதானுங்ணா. சரி, எதுக்கு மாறறீங்க? வேலை புடிக்கலையா, ஆளு புடிக்கலையா, எடம் புடிக்கலையா? மூணுக்கும் மருந்து வேற வேற. வேலை புடிக்கலைன்னா கம்பெனி மாறிப் பிரயோசனமில்லை. ஆளு புடிக்கலைன்னா வேலையை மாத்த வேண்டியதில்லை."

அவர் பிளாஸ்டிக் கவரை நீவி மடித்தார். பிறகு சொன்னார். ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஸ்டோர்ஸை கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அது நல்லதுதான், அவரும் கற்றுக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் மேனேஜர் எதுவானாலும் திரையைப் பார்த்தே முடிவு செய்கிறார். பக்கத்து நாற்காலியில் கோவிந்தராஜுலு உட்கார்ந்திருப்பார். அவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

"இன்டர்வியூல இதைச் சொல்லிப்போடாதீங்க" என்றாள் செவ்வந்தி. "அங்க என்ன குறைன்னு கேட்டா, இங்க என்ன செய்ய ஆசைன்னு பதில் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமைதானுங்க இன்டர்வியூ. அரசூர்ல ஒரு பம்பு கம்பெனி. நாளைக்கு மொதலாளியைப் பாத்துச் சொல்லிப்போட்டு…"

அவளுடைய விரல்கள் நின்றன. "என்ன சொல்லப்போறீங்க?"

"வேலையை விட்டுப் போறேன்னுதான்."

"இன்னும் வேலை கெடைக்கவே இல்லீங்களே!"

"அதுக்குன்னு? ஒருத்தரு ஊட்டுல சாப்பிட்டுப்போட்டு, போய்ட்டு வாரேன்னு சொல்லாமயா எந்திரிச்சுப் போறது?"

"எந்திரிக்கறப்பச் சொல்லுங்ணா. எலைல சோறு இருக்கறப்பவே சொன்னா, எலையை எடுத்துப்போடுவாங்க."

கோவிந்தராஜுலு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தாரே தவிரக் கேட்கவில்லை. புதன்கிழமை காலை மனைவி வெங்கடலட்சுமியையும் கூட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் பழமும் வெற்றிலைபாக்கும் வைத்து, மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவரைப் போல முதலாளி வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மறுபடி கடைக்கு வந்தபோது, முகத்தைப் பார்த்ததுமே செவ்வந்திக்குப் புரிந்துவிட்டது. தாம்பாளத்தோடு முதலாளி வீட்டுக்குப் போனதைச் சொன்னார். நான்தான் அன்னைக்கே சொன்னேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"தட்டை வாங்கிக்கிட்டாருங்களா?"

"வாங்கிக்கிட்டாருங்க. நல்லா இருங்கன்னு வாழ்த்துனாரு. காப்பி குடுத்தாங்க. அப்பறம், சாவியை இன்னைக்கே மேனேஜர்கிட்டக் குடுத்துருங்கன்னாரு. ஒரு மாசமாவது இருக்கச் சொல்லுவாருன்னு நெனச்சேன்."

இன்டர்வியூ நன்றாகத்தான் போயிருந்தது. நகம் தட்டுகிற கதையைச் சொன்னபோது நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக் கேட்டார்களாம். கடைசியில், எப்போது சேர முடியும் என்றார்கள். திங்கட்கிழமையே என்றார். அது எப்படி, நோட்டீஸ் கிடையாதா என்றார்கள். புதன்கிழமையே விட்டுவிட்டேன் என்றார். இன்டர்வியூ எடுத்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மில்லிலிருந்து அனுபவக் கடிதம் கொண்டுவாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள்.

"துரத்தி விட்டுட்டாங்கன்னு நெனச்சுட்டாங்க அம்மணி. இருபத்தொரு வருசத்துல ஒரு நாள் லேட்டாப் போனதில்லைங்க நான். இப்ப அந்த வேலையுமில்லை, இந்த வேலையுமில்லை." கையிலிருந்த பிளாஸ்டிக் கவரை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "எழுதித் தாங்கன்னு எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போய்க் கேக்கறது?"

"எழுதித் தாங்கன்னு கேக்கக்கூடாதுங்ணா. அப்பறம் பாக்கலாம்பாங்க, அந்த அப்பறம் வரவே வராது. நாமளே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் கேக்கணும். படிச்சுப் பாத்துத் திருத்தறதுக்கு எடம் விட்டு அடிச்சுத் தாரேன்."

எந்த வருசம் சேர்ந்தார், என்னென்ன பார்த்தார், தாமாகவே விலகினார் என்று ஒரே பக்கத்தில் அடித்தாள். புகழ்ச்சியாக ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம், செய்ததை மட்டும் சொல்லுவோம், அதை மறுக்க முடியாது என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் கையெழுத்தும் சீலும் விழுந்த கடிதத்தோடு வந்தார். அவர் சொல்லச் சொல்ல செவ்வந்தி கேட்டது இது. முதலாளி கடிதத்தை நின்றுகொண்டே படிக்கத் தொடங்கி, பாதியில் உட்கார்ந்துவிட்டார். பேரிங் வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். 'இந்த வருசத்துக்குச் சொல்லியாச்சா?' என்றார். 'போன வாரமே சொல்லிட்டனுங்க.' முதலாளி பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, 'மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுங்களா? வேணும்னா இருங்க' என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" செவ்வந்தி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"வேண்டாமுங்கன்னுட்டேன்."

"ஐயோ அண்ணா! ஒரே வாரத்துல ரெண்டாவது தடவையுங்க! கைல ஆர்டர் இல்லாம ஒரே வேலையை ரெண்டு தடவை விட்ட ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்."

"கையெழுத்து வாங்கப் போயிட்டு வேலையையும் வாங்கிட்டு வந்தா, அந்தக் கையெழுத்துக்கு மருவாதி இல்லீங்க" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தணிந்து, "ஊட்லயும் இதேதான் திட்டு" என்றார்.

கடிதத்தை ஸ்கேன் செய்து அரசூர் கம்பெனிக்கு அனுப்பினாள். திங்கள் போனது. செவ்வாய் போனது. கோவிந்தராஜுலுவுக்கு மின்னஞ்சல் கிடையாது, கடையின் முகவரியைத்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு ஆதார் பிரிண்டுக்கும் நடுவில் அவள் இன்பாக்ஸைத் திறந்து திறந்து மூடினாள். மில்லில் கேட்டு விசாரித்திருப்பார்களோ, முதலாளி என்ன சொல்லியிருப்பார் என்று அவள் மனசு அதிலேயே சுற்றியது.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பதில் வந்தது. அவள் போன் போட்ட கால் மணி நேரத்தில் அவர் மூச்சிரைக்க வந்து நின்றார். வேலை கொடுத்திருந்தார்கள். ஆனால் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட், ஆறு மாதம் தகுதிகாண் காலம்.

"அசிஸ்டென்ட்டுன்னா அசிஸ்டென்ட்டு. உடனே செரின்னு போட்டுருங்க அம்மணி."

"செரின்னு போடலாம். கூட ஒண்ணு கேக்கலாங்ணா. ஆறு மாசம் கழிச்சு இன்சார்ஜ் பதவிக்கு உங்களைப் பாப்பாங்களா, அதை ஆர்டர்ல எழுதித் தருவாங்களான்னு."

"கேட்டா கோவிச்சுட்டுக் குடுத்ததையும் புடுங்கிக்க மாட்டாங்களா?"

செவ்வந்தி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "மருவாதியாக் கேட்டதுக்குப் புடுங்கினவங்களை நான் பாத்ததில்லீங்க. ஆனா எல்லாரையும் நான் பாத்துடலையே. வேலை உங்குளுது. கேக்கறதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் கடை வாசலுக்குப் போய் நின்றார். உக்கடம் பஸ் ஒன்று வந்து, ஆளை இறக்கி, கிளம்பியது. திரும்பி வந்து, "கேட்டுப்போடுங்க" என்றார். "மொதல் வரில செரின்னு சொல்லிப்போட்டு, ரெண்டாவது வரில கேளுங்க."

அனுப்பிய பின் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேஷன் கார்டு பிரிண்ட் எடுக்க வந்த அம்மாவை அரைமணி நேரம் கழித்து வரச்சொல்லிவிட்டாள். கோவிந்தராஜுலு டீ வாங்கி வந்தார், குடிக்க மறந்தார். நாற்பது நிமிசம் கழித்துப் பதில் வந்தது. செவ்வந்தி சத்தமாகப் படித்தாள். ஆறு மாதத்தில் பதவியை மறுபரிசீலனை செய்வோம், அதை ஆர்டரிலேயே சேர்த்திருக்கிறோம், இணைப்பைப் பார்க்கவும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வரவும். பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு கொண்டுவரவும்.

இணைப்பைத் திறந்து அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அவரும் குனிந்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"போட்டோ இங்கயே எடுத்துக்கலாமுங்களா?"

"உக்காருங்க."

நீலத் துணிக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். செவ்வந்தி கேமராவைத் தூக்கியதும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அம்மணி, சிரிக்கலாமுங்களா? இல்லை, இந்த மாதிரிப் போட்டோல சிரிக்கக்கூடாதுன்னு எதாச்சும் இருக்குதுங்களா?"

"அது பாஸ்போர்ட் ஆபீசுக்குத்தானுங்க" என்றாள் செவ்வந்தி. "கம்பெனிக்குத் தாராளமாச் சிரிங்க."

இரண்டு போதும் என்றவருக்கு எட்டுக் காப்பி வெட்டிக் கொடுத்தாள்.