ஐந்து மணித் தண்ணீர்

சண்முகத்தாய்க்குத் தொண்டையில் டான்சில் எடுத்தது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் வைகாசியில். அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. சின்னப் பிள்ளைகள் நாலு நாளில் எழுந்து ஓடிவிடும். பெரியவர்களுக்கு அப்படி இல்லை. வலியும் கூடுதல், புண் ஆற இரண்டு வாரமும் பிடிக்கும். ஆனால் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. மாதம் தவறாமல் தொண்டை பழுத்துக் காய்ச்சலில் விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் நாலு நாள் வேலை போயிற்று.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் சரவெடி பின்னுகிறவள். போர்மேன் சுந்தரபாண்டி கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு தடவ இப்படி லீவு போட்டேன்னா சரம் பின்ற ரூமுல ஒனக்கு எடமில்ல. சீசன் வருது, நான் ஆர்டர முடிக்கணும்."

அந்த இடத்துக்காகத்தான் அவள் தொண்டையைக் கொடுத்தாள். சரம் பின்னும் அறையில் காற்று வரும், தூசி கிடையாது. வெடிக்குள் மருந்து செலுத்தும் அறையில் இருப்பவர்கள் சாயங்காலம் கண்ணிமை வரை அலுமினியப் பொடி அப்பிக்கொண்டு வெளியே வருவார்கள். தொண்டையில் படிந்த தூசி இறங்கட்டும் என்று கம்பெனி கேட்டில் நின்று கருப்பட்டியைக் கடிப்பார்கள். சண்முகத்தாய் பதினாறு வயதிலிருந்து எட்டு வருஷம் அங்கே கிடந்தவள். பத்தே நாளில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனாள். அதுவரை அவள் இடத்தில் நாத்தனார் தங்கத்தாய் உட்காருவதாகப் பேச்சு.

"நான் எடத்தப் புடிச்சு வைக்கேன் மதினி. நீங்க தெம்பாப் போயிட்டு வாங்க" என்றாள் தங்கத்தாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே மெகருன்னிசா வந்துவிட்டாள். அதே தெருக்காரி. அரசு ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக வார்டு உதவியாளர். சண்முகத்தாயின் கணவன் வேலுச்சாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவன், அடுப்படி தெரியாதவன். அவனை எதிரே உட்கார வைத்துக்கொண்டாள்.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கோங்க. எதையும் சூடாக் குடுக்காதீக. ஜவ்வரிசிக் கஞ்சி, கேப்பக் கூழு, எல்லாம் ஆறணும். இட்லிய ஆறின பால்ல ஊற வச்சு மசிச்சுக் குடுங்க. தயிரு புளிக்காம இருக்கணும். நுங்கு கெடச்சா தோல உரிச்சுட்டுக் குடுங்க. புளி, மொளகா, எலுமிச்ச, தக்காளி கூடாது. முறுக்கு, அப்பளம் கண்ணுல காட்டக் கூடாது. வலி மருந்து குடிச்சு அரை மணி நேரங் கழிச்சுச் சாப்பாடு. அப்பத்தான் முழுங்க முடியும்."

"சளி புடிக்காதாக்கா? எல்லாங் குளுந்ததா இருக்கே."

"சளியெல்லாம் புடிக்காது. ஐஸ் எங்க வீட்டுப் பிரிட்ஜுல இருக்கு, தெனம் தாரேன். எல்லாத்துக்கும் மேல தண்ணி. மணிக்கு ஒரு டம்ளர். தொண்ட காயவே கூடாது. காஞ்சா பொருக்கு வெடிக்கும், வெடிச்சா ரத்தம்."

சண்முகத்தாய் படுத்தபடியே தலையை ஆட்டினாள்.

மூன்றாம் நாள் தங்கத்தாய் தூக்குச்சட்டியில் மிளகு ரசத்தோடு வந்தாள். ஆவி பறந்தது. "மதினி வாய அடைச்சாச்சு. எங்கண்ணனுக்கு இப்பவே தீவாளி வந்துருச்சு" என்றாள். சண்முகத்தாய்க்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததும் காது வரை குத்தியது. தங்கத்தாய் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். "வெள்ளையா இருக்கு. சீழு வச்சிருச்சு. ஐஸக் குடுத்தா இப்படித்தான். சுடச்சுட உப்புத்தண்ணி கொப்பளிங்க, மதினி."

அந்நேரம் மெகருன்னிசா உள்ளே வந்தது நல்லதாயிற்று. "அது சீழு இல்ல, புண்ணு மேல மூடுற பொருக்கு. நாத்தம் அடிக்கத்தான் செய்யும். ரசத்த அண்ணனுக்கு ஊத்து தங்கம், சந்தோசமாக் குடிப்பாரு."

மற்றபடி வேலுச்சாமி சொன்னதைச் சொன்னபடி செய்தான். விடிந்ததும் கஞ்சி காய்ச்சி ஆற வைத்தான். ஒரு செம்பு நிறையப் பானைத் தண்ணீரைக் கட்டிலருகே வைத்துத் தட்டால் மூடிவிட்டு வேலைக்குப் போனான். மெகருன்னிசா சாயங்காலம் வந்து செம்பைக் கவிழ்த்துப் பார்ப்பாள். காலியாக இருக்கும். திருப்தியோடு போய்விடுவாள்.

செம்பு காலியானது உண்மைதான். காலியான நேரம்தான் யாருக்கும் தெரியாது. கம்பெனியில் பெண்களுக்குக் கக்கூஸ் வேலி ஓரத்துக் கடைசியில் இருந்தது. போய்வர இருபது நிமிஷம். கூலியோ பின்னிய சரத்துக்குத்தான். அதனால் அங்கே பெண்கள் யாரும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. சண்முகத்தாய் காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு போவாள். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் கேட் பக்கத்துக் குழாயில் மூச்சு விடாமல் குடிப்பாள். பதினெட்டு வருஷப் பழக்கம். கட்டிலில் படுத்திருந்தபோதும் உடம்பு அதையே செய்தது. சாப்பாட்டு நேரத்துக்குக் கஞ்சியைக் குடித்தாள். நடுவில் தண்ணீர் நினைவே வரவில்லை, விழுங்க வலித்ததால் நினைக்கவும் விரும்பவில்லை. தெருக்கோடியிலிருந்து ஐந்து மணிச் சங்கு கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு செம்பைக் காலி செய்தாள். ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தாள்.

எட்டாம் நாள் காலை வாய் கொப்பளிக்கும்போது தொண்டையில் ஏதோ உரிந்தது. துப்பிய தண்ணீர் சிவப்பாக விழுந்தது. அடுத்துத் துப்பியது தண்ணீரே இல்லை.

வேலுச்சாமி ஓடிப்போய் மெகருன்னிசாவைக் கூட்டி வந்தான். "படுக்க வைக்காதீக. குனிஞ்சு உக்காரு. முழுங்காத, துப்பு" என்று அவள் வாயில் ஐஸ்கட்டியைத் திணித்து ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் கசிந்த இடத்தைச் சுட்டு அடைத்து, கையில் டிரிப் ஏற்றினார்கள். "நாக்கு பனையோல மாதிரி காஞ்சிருக்கு. தண்ணியே குடிக்கலையாம்மா?" என்று டாக்டர் கேட்டுவிட்டுப் போனார்.

மெகருன்னிசாவுக்கு ஆங்காரம் வந்தது. "தெனம் செம்பு காலியா இருந்துச்சே. கீழ ஊத்துனியா?"

இல்லை என்று சண்முகத்தாய் தலையசைத்தாள். டிரிப் இல்லாத கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"அஞ்சு மணிக்கா? அம்புட்டையும் ஒண்ணாவா? பகல்ல தாகமே எடுக்கலையா?"

"எடுக்காதுக்கா" என்றாள் காற்றுக்குரலில். "ரொம்ப வருசமாச்சு."

மெகருன்னிசா டிரிப் சொட்டுகிற வேகத்தைச் சரிசெய்துவிட்டு எழுந்து போனாள்.

புண் மறுபடி முதலிலிருந்து ஆற வேண்டியிருந்தது. இரண்டு வாரம் மணிக்கொரு டம்ளர் குடித்தாள். வேலுச்சாமி சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு எதிரே மாட்டினான். நன்றாகவே ஆறிவிட்டது. இருபத்தைந்தாம் நாள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு கம்பெனிக்குப் போனாள்.

சுந்தரபாண்டி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பத்து நாளுன்னு சொல்லிட்டுப் போன. ஒன் எடத்துல ஆளு உக்காந்தாச்சு, கையும் வேகமா ஓடுது. மருந்து செலுத்துற ரூம்ல ஒரு எடம் கெடக்கு. இஷ்டம்னா இரு."

வாசலோரம் தங்கத்தாய் சரம் பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை, கையும் நிற்கவில்லை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். சண்முகத்தாய் மருந்து அறைக்கு நடந்தாள்.

முதல் நாள் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் ஒவ்வொரு மடக்குக் குடித்தாள். மத்தியானத்துக்குள் இரண்டு தடவை வேலி ஓரத்துக்குப் போய்வர வேண்டியதாயிற்று. மற்றவர்கள் செலுத்தியதில் பாதிகூட அவள் தட்டில் இல்லை. "ஆஸ்பத்திரியில ஒக்காரப் பழகிட்டியோ?" என்றார் சுந்தரபாண்டி. மறுநாள் அவள் பாட்டிலின் மூடியைத் திறக்கவில்லை.

சங்கு ஊதியதும் கேட்டுக்கு வந்தாள். கையெல்லாம் வெள்ளியாக மின்னியது. தங்கத்தாய் காத்திருந்து ஒரு துண்டு கருப்பட்டியை நீட்டினாள். "தின்னுங்க மதினி. தூசி எறங்கிரும்." சண்முகத்தாய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு பாட்டிலில் வெயிலுக்குச் சூடேறிக் கிடந்த தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள்.

தெருமுனையில் மெகருன்னிசா எதிர்ப்பட்டாள். "தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்க்கா." சண்முகத்தாய் காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

மெகருன்னிசா பாட்டிலைப் பார்த்தாள், வெள்ளி படிந்த கையைப் பார்த்தாள். எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை.